பேச்சினால் தடுக்கலாமோ?

போதைப்பொருட் பாவனை வன்னிப் பெருநிலப்பரப்பின் மாணவ சமுதாயத்தையும் தீண்டிவிட்டதே என்ற கவலை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இன்று ஒலிக்கின்றது. இதனைத் தடுக்கப் பாடசாலைகள் மேற்கொள்வன யாவை? யூன் 26ஆம் நாட் சர்வதேச தினத்தையொட்டிய ஊர்வலம், சுவரொட்டிப் போட்டி, பொலிஸ் அதிகாரியின் உரை என்பனவே பெரும்பாலும் எம் கண்ணிற் படுவன. நோக்கம் நன்றே, பயன் யாது என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவுக்குப் பிறநாட்டு அனுபவம் விடை பகர்கின்றது. 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய ‘டெயார்’ திட்டம் பொலிஸாரையே வகுப்பறைக்கு அனுப்பியது. அமெரிக்கா முழுவதும் பரவிய அத்திட்டம் மாணவரின் பாவனையைக் குறிப்பிடத்தக்க அளவிற் குறைக்கவில்லை என ஆய்வுகள் பல காட்டின. 2003இல் அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகமும் அம்முடிவையே எடுத்துரைத்தது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட நியமங்கள், அச்சமூட்டும் விரிவுரையையும் முன்னாட் பாவனையாளரின் சாட்சியத்தையும் பயன் தராதவற்றின் வரிசையில் வைக்கின்றன. மறுக்கும் திறனையும் மனவழுத்தத்தை எதிர்கொள்ளும் திறனையும், பயிற்சி பெற்ற ஆசிரியர் பல அமர்வுகளிற் செயல்வழி கற்பிக்கும் முறையே ஓரளவேனும் பயன் தருவதென அவை கூறும்.

அறிவூட்டலே வேண்டாமென்பதன்று எமது வாதம். அறியாமையாற் கெடுவோரும் உளர். ஆயின், வன்னி மண்ணில் அறியாமை மட்டுமோ காரணம்? 2009இல் முடிவுற்ற போரும், அதன்பின் முகாம் வாழ்வும் குடும்பங்களைச் சிதைத்தன. 2016ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரப்படி நாட்டின் வறுமை வீதம் 4.1 ஆயிருக்க, கிளிநொச்சியில் அது 18.2 ஆகவும் முல்லைத்தீவில் 12.7 ஆகவும் இருந்தது. கூலி வேலைக்காகப் பாடசாலையை விட்ட சிறுவனின் செவிக்கு மண்டபத்து உரை எட்டுவதில்லை.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. பாவனையிற் பிடிபட்ட மாணவனை விலக்கிவிடும் பாடசாலை, தடுப்பு எவனுக்கு மிக வேண்டுமோ அவனையே அதன் எல்லைக்குப் புறத்தே தள்ளுகின்றது. கெட்டவன் நீங்கினான் என மற்றையோர் ஆறுதலடையலாம். ஆனால் அவன் சென்று சேருமிடம் விற்பவனின் வாசலே. அவனைத் தண்டனைக்குரியவனாகவன்றி, உளவளத்துணைக்கும் சிகிச்சைக்கும் உரியவனாகக் கொள்ளுதலே தடுப்பின் முதற் கடன்.

ஆதலின், எத்தனை பேர் ஊர்வலம் வந்தனர் என்பது தடுப்பின் அளவுகோலாகாது. ஈராண்டு கழிந்த பின்னர் எத்தனை பேர் தீண்டாதிருந்தனர், தீண்டியோருள் எத்தனை பேர் மீண்டும் வகுப்பறையில் அமர்ந்தனர் என்பனவே அளவுகோல்கள். அவ்வாறு அளந்து பார்க்கத் துணியாத நிகழ்ச்சி, எத்துணை ஆரவாரத்துடன் நடைபெறினும், சடங்கேயன்றித் தடுப்பன்று.