வாய்வழி மருந்திடும் ரைஃபிளும் துல்லியத்தின் அளவுகோல்களும்

வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் முன்வாய் வழியே இட்டுக் கோலால் கெட்டித்துச் சுடும் ரைஃபிளுக்குள் பிறவியிலேயே ஒரு முரண் உண்டு. குண்டு எளிதாக உள்ளே இறங்க வேண்டுமானால் அது குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். குறி பிசகாமல் பாய வேண்டுமானால், குழலின் உட்சுவரில் திருகாக வெட்டப்பட்ட பள்ளங்களை இறுகப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேற வேண்டும். இந்தத் தளர்வையும் இறுக்கத்தையும் ஒரே குண்டில் இணைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலம் கொல்லர்களும் படை அதிகாரிகளும் பொறியாளர்களும் கண்ட வழிகளே இம்மரபின் தனித்தனிப் பள்ளிகளாயின.

சுழற்சி ஏன் வேண்டும் என்பதை அறிவியல் முறையில் விளக்கியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ். பள்ளமில்லாத குழலில் குண்டு சுவரோடு உராய்ந்து ஏதேனும் ஓர் அச்சில் தற்செயலாகச் சுழல்வதாலேயே காற்றில் வளைந்து விலகுகிறது என்பதையும், பாயும் திசையையே அச்சாகக் கொண்ட சுழற்சி அவ்விலகலை அடக்குகிறது என்பதையும் அவர் 1740களில் நிறுவினார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்த அவர், 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார். தமிழ் மண்ணோடு அவருக்கிருந்த இத்தொடர்பு இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

பள்ளிகளுள் மூத்தது துணி சுற்றிய உருண்டைக் குண்டைக் கையாண்ட பள்ளி. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பகுதிகளிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், தம் நாட்டின் குட்டையான வேட்டை ரைஃபிளை 18ஆம் நூற்றாண்டில் நாற்பது அங்குலத்துக்கும் மேற்பட்ட குழல் நீளமும் குறுகிய உள்விட்டமும் கொண்ட நீள் ரைஃபிளாக மாற்றினர். இதில் குண்டு பள்ளங்களைத் தொடுவதே இல்லை. கொழுப்புத் தடவிய துணித்துண்டுதான் இடையில் நின்று பள்ளங்களைப் பற்றி, குண்டைச் சுழற்றி, வாயு கசியாமலும் அடைக்கிறது. எனவே இப்பள்ளியில் துல்லியத்தைக் கூட்டுவது பெரும்பாலும் துணியைப் பற்றிய கல்வியே ஆகும். சுட்டபின் சில கஜ தூரத்தில் விழுந்துகிடக்கும் துணியைப் பொறுக்கிப் பார்ப்பவர், அது கருகியிருந்தால் துணி மெலிது அல்லது கொழுப்புப் போதவில்லை என்றும், கீறலாகக் கிழிந்திருந்தால் குழல்வாயின் விளிம்போ பள்ளங்களின் ஓரமோ கூராக உள்ளது என்றும் அறிவார். மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இடுவதும், கோலை ஒரே அழுத்தத்தில் ஊன்றுவதும், உள்ளே வெற்றிடம் விழுந்து எடை குறைந்த குண்டுகளை நிறுத்துப் பார்த்து ஒதுக்குவதும் இதே கல்வியின் பகுதிகள். மருந்தைக் கூட்டினால் குறி கூடும் என்பது தொடக்கநிலையினரின் நம்பிக்கை. குறிப்பிட்ட குழலுக்கு உகந்த அளவைக் கடந்தபின் குண்டுகள் சிதறத் தொடங்கும் என்பதே அனுபவம்.

இதே மரபு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மேசைமேல் தாங்கிச் சுடும் கனத்த போட்டி ரைஃபிளாக முதிர்ந்தது. அதன் சிறந்த கண்டுபிடிப்பு, ஆல்வன் கிளார்க் 1840இல் காப்புரிமை பெற்ற பொய்வாய். குழலின் முனையில் ஒரு துண்டை அறுத்து, ஊசிகளால் மீண்டும் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே பள்ளம் வெட்டினால், அத்துண்டின் வழியே குண்டைச் சாயாமல் உள்ளே செலுத்தலாம். சுடுமுன் அதைக் கழற்றிவிட்டால் உண்மையான வாயின் விளிம்பு கோல் உராய்ந்து தேய்வதில்லை. குண்டின் அடிப்பகுதி குழலை விட்டு நீங்கும் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பீறிட வேண்டும் என்பதால், அவ்விளிம்பின் ஒழுங்கே குறியின் ஒழுங்காகிறது. கழற்ற மறந்து சுட்டுவிடாதபடி, குறிபார்க்கும் கோட்டை மறைக்கும் ஒரு தகடும் பொய்வாயில் நிறுத்தப்பட்டது. இந்தக் கிளார்க்தான் பின்னர் தொலைநோக்கி வில்லைகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தை நடத்தியவர் என்பதை அறியும்போது வியப்பு எழுவதில்லை. இரு தொழில்களும் கோருவது ஒரே பொறுமையை.

படைகளுக்கு இவ்வளவு பொறுமை கட்டுப்படியாகாது. அவற்றின் விடை, தளர்வாக இறங்கி, வெடிக்கும்போது அடி விரிந்து பள்ளங்களைப் பற்றும் நீள்குண்டு. கேப்டன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் அடியிலிருந்த நெட்டி, ஊதும்போது விரிந்து குழலை அடைப்பதைக் கண்டே 1823இல் இவ்வகைக் குண்டை வடித்தார் என்று துப்பாக்கி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிரெஞ்சுப் படை அதிகாரிகளான டெல்வினும் பிறகு மினியேயும் இக்கருத்தை வளர்த்தனர். பிரிட்டிஷ் படையின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிள் அதைப் பரவலாக்கியது. எரிந்த கருமருந்தில் பாதிக்கும் மேல் கசடாகத் தங்குவதால், அக்கசடை இளக வைக்கும் கொழுப்பு இக்குண்டுக்கு இன்றியமையாதது. 1857இல் இந்தியச் சிப்பாய்களின் சினத்துக்கு உடனடிக் காரணமான கொழுப்பு, உண்மையில் குறி தவறாமைக்கும் மருந்திடும் எளிமைக்கும் தேவைப்பட்ட பொருளே. அது எந்த விலங்கின் கொழுப்பு என்பதில் காட்டிய அலட்சியம் வேறு கதை.

அதே 1857இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் அந்த முரணை வேறு கோணத்தில் அணுகினார். குண்டு விரிவதை நம்பாமல், அறுகோண வடிவக் குழலுக்கு அறுகோண வடிவிலேயே குண்டைச் செய்து பொருத்தினார்; உள்விட்டத்தை 0.451 அங்குலமாகக் குறுக்கி, என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த திருகலை 20 அங்குலத்துக்கு ஒன்றாக விரைவாக்கினார். நீண்ட குண்டு தலைகீழாகப் புரளாமல் பாய விரைவான சுழற்சி வேண்டும் என்பதே இதன் காரணம். அவ்வாண்டின் சோதனைகளில் 500 கஜ தூரத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடியாகவும் விட்வொர்த்தின் விலகல் 0.37 அடியாகவும் இருந்தன. 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கையே தொடவில்லை. ஆயினும் விலையும், கசடு சேர்ந்தால் மருந்திடக் கடினமாகும் குறையும் அதைப் படையின் பொது ஆயுதமாக விடவில்லை. கடினமான குண்டையும் ஆழமற்ற பள்ளங்களையும் இணைத்த பொறியாளர் மெட்ஃபோர்டு அக்குறையைப் பெரிதும் தணித்தார். 1874இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் 800 முதல் 1,000 கஜம் வரை நடந்த போட்டியில், ரிக்பி நிறுவனத்தின் வாய்வழி ரைஃபிள்களை ஏந்திய அயர்லாந்து அணி, பின்வழி மருந்திடும் ரைஃபிள்களை ஏந்திய அமெரிக்க அணியிடம் 931க்கு 934 என்ற கணக்கில் தோற்றது. அதிலும் அயர்லாந்து வீரர் ஒருவரின் நடுக்குறி வேட்டு, அடுத்தவர் இலக்கில் பாய்ந்ததால் கணக்கில் சேரவில்லை. பழைய முறை துல்லியத்தில் பின்தங்கிவிட்டது என்பதற்கு இம்முடிவைச் சான்றாகக் காட்டுவோர் மூன்று புள்ளி வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இப்பள்ளிகளை ஒப்பிடும்போது அவற்றின் அளவுகோல்கள் ஒன்றல்ல என்பதைக் கருத வேண்டும். பிரிட்டிஷ் சோதனையாளர்கள், வேட்டுகள் அனைத்தின் சராசரி மையத்திலிருந்து ஒவ்வொன்றும் விலகிய தூரத்தைக் கணக்கிட்டனர்; இது துப்பாக்கி எவ்வளவு நெருக்கமாகச் சுடுகிறது என்பதை மட்டுமே சொல்லும். அமெரிக்க மேசைப் போட்டியினர், இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து பத்து வேட்டுகளின் தூரங்களையும் ஒரு நூலில் தொடர்ந்து அளந்து கூட்டினர். நூல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு வெற்றி. காற்றைக் கணிக்கத் தவறியதும், குறிபார்க்கும் கருவியைச் சரியாக அமைக்காததும், ஒரே ஒரு கெட்ட வேட்டும் அந்நூலில் நீளமாகப் பதிந்துவிடும். 1971இல் உருவான பன்னாட்டு வாய்வழித் துப்பாக்கிச் சங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில், கருமருந்தை மட்டுமே பயன்படுத்தி, அரைமணி நேரத்தில் 13 வேட்டுகளைச் சுட்டு, அவற்றில் சிறந்த பத்தின் புள்ளிகளை எண்ணுகிறார்கள். பழைய பொறிகளில் தீப்பற்றாமலும் தாமதமாகப் பற்றியும் போகும் வேட்டுகளுக்கு இடம் தரும் கருணை இதில் உண்டு; எனினும் சுடுபவரை முழுமையாக அளந்து காட்டியது அந்தப் பழைய நூலே.