முன்றிலும் தும்பியும்: சங்கப் பாடல்களில் சிற்றுயிர் வாசிப்பு

முன்னுரை

குறுந்தொகையின் இரண்டாம் பாடலை நடத்திய ஒரு வகுப்பில், அப்பாடலில் தலைவன் விளித்துப் பேசும் உயிரை வரைந்து வருமாறு மாணவர்களிடம் கூறினோம். பெரும்பாலோர் நீண்ட உடலும் கண்ணாடி போன்ற நான்கு சிறகுகளும் கொண்ட தட்டானை வரைந்து வந்தனர். தவறு மாணவர்களுடையது அன்று. தும்பி என்ற சொல் இன்றைய வழக்கில் தட்டானையும் குறிக்கிறது. அதற்கு மாற்றாக நாம் அவர்களுக்கு வழங்கிய விளக்கமோ 'வண்டு வகையுள் ஒன்று' என்பது மட்டுமே. வீட்டு முற்றத்திலும் தோட்டத்திலும் வாழும் சிற்றுயிர்களைச் சங்கப் புலவர்கள் எவ்வாறு கண்டனர், அக்காட்சியை நம் வாசிப்பு எங்கே தவறவிடுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டவணையில் இடம்பெறாத உயிர்கள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைத் தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களாக எண்ணுகிறது. இவற்றைத் திணைவாரியாகக் கட்டமிட்டு மனனம் செய்விப்பது நம் கல்விக்கூடங்களின் நெடுநாள் வழக்கம். இவ்வரிசையில் பூச்சிகளுக்கெனத் தனிப்பெயர் இல்லை. 'பிற' என்னும் எச்சத்துள்தான் அவை அடங்கவேண்டியுள்ளன. ஆகவே வண்டும் ஈயலும் சிலந்தியும் மாணவர் வரையும் கட்டங்களுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

எனினும் தொல்காப்பியம் இவ்வுயிர்களை மறந்துவிடவில்லை. மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் பகுக்குமிடத்தில், சிதலும் எறும்பும் மூவறிவுடையன என்றும், நண்டும் தும்பியும் நான்கறிவுடையன என்றும் கூறுகிறது. ஊறு, சுவை, நாற்றம், ஒளி ஆகிய நான்கும் தும்பிக்கு உண்டு, செவியறிவு இல்லை. குறுந்தொகைப் பாடலை இதனோடு சேர்த்துப் படித்தால் ஒரு நயம் புலப்படும். தும்பி அறிந்த மலர்களுள் தலைவியின் கூந்தலை விட நறுமணமுடையது உண்டா என்பதே தலைவனின் வினா. நாற்றத்தை அறியும் உயிரிடம் நாற்றத்தைப் பற்றிக் கேட்பது பொருத்தமான சான்றுவிசாரணை. ஆனால் அவ்வுயிருக்குக் கேட்கும் செவி இல்லை. விடை கிடைக்காது என்பது வினவுவோனுக்கே தெரியும். தலைவிக்குக் கேட்டால் போதும்.

தும்பி எது?

தட்டான் ஊன் உண்ணும் உயிர். பறக்கும் சிறு பூச்சிகளைக் கண்ணால் கண்டு வேட்டையாடுவது. மலர்தோறும் சென்று தாது தேடுவது அதன் இயல்பன்று. எனவே குறுந்தொகை 2 சுட்டும் தும்பி தட்டானாக இருத்தல் இயலாது. மேலும் இரு சான்றுகள் இதனை உறுதி செய்கின்றன.

முதலாவது, குறுந்தொகை 239. காந்தள் மலரின் தாதினை ஊதும் குறுகிய சிறகுடைய தும்பி, பாம்பு உமிழ்ந்த மணி போலத் தோன்றுவதாக அப்பாடல் உவமிக்கிறது. உடலின் பருமையோடு ஒப்பிடச் சிறகு குறுகித் தோன்றுவது தேனீ இனத்தின் பெரிய வகைகளுக்குப் பொருந்தும். நெடுஞ்சிறகுத் தட்டானுக்குப் பொருந்தாது.

இரண்டாவது சான்று இன்னும் வலியது. அகநானூறு 225, தும்பி துளைத்த மூங்கிலைப் பேசுகிறது. அத்துளையில் கோடைக்காற்று புகும்போது, நீருண்ணச் செல்லும் ஆநிரையின் பின்னே ஆயன் ஊதும் குழல்போல ஓசை எழுகிறதாம். தாதும் தேனும் தேடி, மரத்தையும் மூங்கிலையும் துளைக்கும் உயிரை உயிரியலார் தச்சுத்தேனீ என்பர். அதன் பேரினப் பெயர் சைலோகோப்பா. பெண் தேனீ உலர்ந்த மரத்திலோ மூங்கிலிலோ வட்டமாகத் துளையிட்டு, உள்ளே மகரந்தமும் தேனும் கலந்த உணவை வைத்து முட்டையிட்டு அறையை அடைக்கும். துளைக்கும் மரத்தை அது உண்பதில்லை. சங்க நூல்களில் தும்பி என வருமிடமெல்லாம் இவ்வுயிரையே குறிக்கும் என்பது நம் வாதமன்று. இம்மூன்று பாடல்களையும் ஒருங்கே நிறைவு செய்யும் உயிர் இது என்பதே நம் துணிபு.

இவ்வுயிரைக் காண நாம் தமிழகம் செல்லவேண்டியதில்லை. இவ்வினத்தின் மிகப் பெரியவற்றுள் ஒன்றான சைலோகோப்பா லாட்டிப்பெஸ் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டங்களில் காணக்கூடியது. கரிய உடல், உரத்த முரற்சி, வெயிலில் நீலமும் பச்சையுமாக மின்னும் சிறகு. அம்மின்னலைக் கண்ட மாணவனுக்கு மணி உவமை உரையின்றியே விளங்கும்.

கண்டது கவிதைக்கு என்ன தருகிறது?

உயிரினப் பெயரை உறுதி செய்வதோடு திறனாய்வு முடிவதில்லை. அகநானூறு 225 பாலைப் பாடல். இன்று தலைவியோடு ஒன்றியிருக்கும் தலைவன், நாளை கடக்கவேண்டிய சுரத்தை எண்ணித் தன் நெஞ்சோடு பேசுகிறான். மூங்கில் துளையைத் தும்பி தன் மகவுக்கு இல்லமாக அமைத்தது என்பதை அறிந்து படித்தால், பாடலின் குழலோசை வேறொரு பொருளையும் பெறுகிறது. இல்லம் அமைக்கும் உயிரின் துளையிலிருந்து எழும் ஓசையை இல்லம் துறந்து செல்பவன் கேட்கப்போகிறான். பாடல் இதனை வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும் அவன் செலவைக் கைவிடுவதற்கு இவ்வாசிப்பு துணை நிற்கிறது.

மனைக்குருவிப் பாடல்களிலும் இதே முரண் அமைகிறது. குறுந்தொகை 85இல், துள்ளி நடக்கும் ஆண்குருவி, சூல் முதிர்ந்த பேடைக்கு ஈனும் இல்லம் அமைக்க மணமற்ற கரும்புப்பூவைக் கோதி எடுக்கிறது. அத்தகைய ஊரின் தலைவனோ பாணனின் வாய்ச்சொல்லில் மட்டுமே இனியவன். நற்றிணை 181இல், பிற பேடையோடு தங்கித் திரும்பிய கரிய கழுத்துடைய சேவலைப் பேடை கூட்டினுள் விடாது தடுக்கிறது. மழையில் நனைந்து ஒடுங்கியிருக்கும் அதனைக் கண்டு, நெடிது எண்ணி, இரங்கி அழைக்கிறது.

இங்கு நம் நிலத்துக்குரிய ஒரு சிக்கல் எழுகிறது. மனைக்குருவி இனத்தில் ஆணுக்கு மட்டுமே கழுத்து கரியது. ஆகவே அந்நிற அடை பாடலில் பாலைச் சுட்டும் சொல்லாகவும் நிற்கிறது. மலேசிய, சிங்கப்பூர் நகரங்களில் நாம் பரவலாகக் காண்பதோ வேறோர் இனம்: பழுப்பு நிற உச்சியும், வெண்கன்னத்தில் கரும்புள்ளியும் உடைய மரச்சிட்டு. அதில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையவை. இரண்டுக்கும் கழுத்து கரியது. "எங்கள் பள்ளிக் கூரையில் பேடைக்கும் கழுத்து கறுப்புதானே?" என்று ஒரு மாணவி வினவுவாளாயின், அவ்வினாவைத் தடங்கலாகக் கருதக்கூடாது. புலவர் எதனைக் கண்டார், ஏன் அந்த அடையைத் தெரிந்தெடுத்தார் என்னும் உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இரு தவறான எல்லைகள்

இவ்வாசிப்பில் நாம் தவிர்க்கவேண்டிய எல்லைகள் இரண்டு. பாடலில் வரும் உயிரை உள்ளுறைக்கான குறியாக மட்டும் கொண்டு, அதன் இயல்பை அறியாமலே பொருள் கூறுவது ஒன்று. உயிரின் செயல் தெரியாத இடத்தில் உள்ளுறையும் முழுமையடையாது. சங்கப் புலவர் அனைவரையும் விஞ்ஞானிகள் என்று பெருமிதத்தோடு முழங்குவது மற்றொன்று. குறுந்தொகை 239இன் தும்பி கண்ணாற் கண்டது; ஆனால் பாம்பு மணி உமிழும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஒரே உவமையில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. எது காட்சி, எது மரபு எனப் பிரித்தறியும் பொறுமையே திறனாய்வாளருக்கு வேண்டுவது. சங்க இலக்கிய உயிரினங்களை வகைப்படுத்தி ஆராய்ந்த பி.எல். சாமியின் நூல்கள் இதற்கு நல்ல தொடக்கம். எனினும் நூலறிவைத் தோட்டத்தில் சரிபார்க்கும் பணி நம்முடையது.

முடிவுரை

குறுந்தொகை 41இல், தலைவனைப் பிரிந்த தலைவி, மக்கள் நீங்கிச் சென்றபின் அணில்கள் விளையாடும் முற்றத்தையுடைய வீட்டைத் தன் நிலைக்கு உவமையாக்குகிறாள். அப்புலவரின் இயற்பெயர் மறைந்து, அவ்வுவமையே அணிலாடு முன்றிலார் எனப் பெயராயிற்று. இரப்பர்த் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களுக்கு இவ்வுவமை அயலானதன்று. ஆளற்ற லயங்களின் வாசலைக் கண்டவர் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவ்வாசலில் ஓடிய அணிலுக்கு, இராமன் கதையில் வரும் முதுகுக் கோடுகள் இல்லாமலிருக்கலாம், வெறுமை ஒன்றே.

இன்று நம் மாணவருள் பலர் அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். அவர்களுக்கு எஞ்சியுள்ள முன்றில் பள்ளித் தோட்டமே. பாடலை விளக்குவதற்கு முன் அங்கே இருபது நிமிடம் அமைதியாக நின்று, கண்ட உயிர் ஒவ்வொன்றும் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதச் செய்யலாம். பெயர் தெரியாவிடினும் தாழ்வில்லை, செயலைக் காணட்டும். செயலைக் கண்ட கண்ணுக்குத்தான் சங்கப் பாடலில் கூடு கட்டும் உயிர்களும், கூட்டைவிட்டுச் செல்லும் மனிதர்களும் எதிரெதிரே நிற்பது தெரியும்.