ஒரு காய்ச்சல், மூன்று வாக்கியங்கள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் எழுதியவர்களுக்கு ஸிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்ற மூன்று வாக்கிய வகைகள் மறந்திருக்காது. காய்ச்சலால் ஒருவன் பள்ளிக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘பிகாஸ் ஆஃப்’ போட்டால் முதல் வகை, ‘அண்ட் ஸோ’ என்று இணைத்தால் இரண்டாவது, ‘ஆஸ்’ என்று தொடங்கினால் மூன்றாவது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றாக மாற்றச் சொல்வார்கள்.

இந்த வாய்பாட்டை இளக்காரம் செய்வது சுலபம். ஆனால் வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளை இதை வைத்துக்கொண்டு அன்றைக்கே ஒரு லீவ் லெட்டர் எழுதிவிடும். தமிழில் ‘மழை பெய்ததால்’ என்று காரணக்குறி வினையின் வாலில் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அது தொடரின் தலையில் வந்து நிற்கிறது. இந்தத் தலைகீழ்ப் பழக்கம் விளக்கிச் சொல்லி வருவதல்ல, எழுதி எழுதித்தான் கைக்கு வரும். அகராதி ஆசிரியர் ஹார்ன்பி 1954இல் ஆங்கில வாக்கிய அமைப்புகளை வகைபிரித்து நூலாக்கியதும் கற்பவரின் இந்தத் தேவைக்காகத்தான்.

கோளாறு, மூன்றும் ஒன்றே என்று நம்பவைப்பதில் இருக்கிறது. “ஏன் வரவில்லை?” என்று கேட்டால் ‘பிகாஸ்’ என்று பதில் சொல்லலாம், ‘ஆஸ்’ என்று ஆரம்பித்தால் கேட்பவருக்கு உறுத்தும். எதிராளிக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்தைத் தொட்டுக்கொண்டு போகத்தான் ‘ஆஸ்’.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘விளக்கு எரியவில்லை, ஆகவே வீட்டில் ஆளில்லை.’ இதை ‘அண்ட் ஸோ’ அழகாகத் தாங்கும். தேர்வு விதிப்படி ‘பிகாஸ் ஆஃப்’ ஆக்கிப் பாருங்கள்: விளக்கு அணைந்ததால் வீட்டுக்காரர் ஓடிவிட்டார் என்றாகிவிடும்! விளக்கு இங்கே காரணமல்ல, சான்று. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதும் இப்படித்தான். புகையா நெருப்பை மூட்டியது? மணிமேகலையின் 29ஆம் காதை இத்தகைய அனுமானத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பேசுகிறது. அந்த மரபுள்ள ஊரில் மாணவனிடம் இந்த வேறுபாட்டைக் கேட்பதே இல்லை.

எதிர்மறை வந்தால் இந்த வாய்பாடு இன்னும் தடுமாறும். ‘ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஆஃப் த சாலரி’ என்பதற்கு இரண்டு பொருள்: சம்பளத்தை நினைத்து வேலையில் நீடித்தார், அல்லது, வேலையை விட்டார், ஆனால் அது சம்பளத்துக்காக அல்ல. இணைப்புச் சொல் சரி, இலக்கணம் சரி. நடந்தது என்ன என்பதுதான் தெரியவில்லை.

மாற்று வழி தேடாமலும் இல்லை. என். எஸ். பிரபு 1979இல் தொடங்கிய பெங்களூர்த் திட்டம் வாக்கிய அமைப்புப் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து யோசிக்கவைத்தது. யோசனை வழியே மொழி வரும் என்பது அதன் நம்பிக்கை. எனக்கும் அதில் ஈர்ப்பு உண்டு. ஆனால் ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமாக வராத வகுப்பில் அது எத்தனை தூரம் ஓடும்?

ஆகவே வாய்பாடு இருக்கட்டும். வினாத்தாளில்தான் கைவைக்க வேண்டும். ‘மாற்றி எழுதுக’ என்பதோடு நிறுத்தாமல், விளக்கு அணைந்த வீட்டைக் கொடுத்து, மூன்றில் எந்த வாக்கியம் இங்கே பொருந்தாது, ஏன் என்று கேட்கலாம். அந்த ‘ஏன்’ என்பதற்குத் தமிழில் பதில் எழுதினாலும் மதிப்பெண் தரலாம்.