புல் நுனியும் கழுமரமும்

சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதம் படிப்பதும் கூத்து ஆடுவதும் உண்டு. துகிலுரிதலும் அர்ச்சுனன் தபசும் பெறும் புகழுக்கு முன், ஆதிபருவத்திலுள்ள மாண்டவியர் கதை மறைந்துவிடுகிறது. ஆயினும் நீதியைப் பற்றிச் சிந்திப்போர் அதை விட்டுவிட இயலாது.

மௌன விரதம் பூண்ட மாண்டவியரின் குடிலில் திருடர்கள் களவுப்பொருளை ஒளித்துவைத்தனர். அரசன் அவரையும் கள்வனெனக் கழுவேற்றினான். உயிர் பிரியாத அம்முனிவர் பின்னாளில் அறக்கடவுளிடம் காரணம் கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல் நுனியால் குத்திய வினைக்குப் பயன் இது என்று விடை வந்தது. வெகுண்ட முனிவர், பதினான்கு வயதுவரை செய்வது பாவமாகாது என வரம்பு வகுத்தார். பணிப்பெண்ணின் மகனாகப் பிறக்குமாறு அறக்கடவுளைச் சபித்தார். அவரே விதுரர்.

அடித்தட்டுப் பிறப்பைத் தண்டனையாகக் கருதும் பார்வை நமக்கு ஏற்புடையதன்று. ஆனால், மனிதனாகப் பிறக்கும் நீதிபதி முதலில் குழந்தையாக இருந்தாக வேண்டும். கதையின் ஆழம் இங்கேதான் உள்ளது. குழந்தைமையை அறியாத நீதி, அதை வாழ்ந்து கற்கும்படி அனுப்பப்படுகிறது.

நம் நீதிமன்றங்களும் இப்பாடத்தை மெல்லவே கற்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலைப்படுத்தப்படும் நாளின் வயதையே உச்ச நீதிமன்றம் 2000-இல் கணக்கிட்டது. குற்றம் நடந்த நாளின் வயதே அளவுகோல் என 2005-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தியது. சிறுவயதில் செய்த குற்றத்துக்காகப் பதினெட்டு வயதுக்குப் பின் பிடிபட்டவரையும் சிறுவராகவே நடத்த வேண்டுமென்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். எனினும் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் செய்த கொடுங்குற்றங்களில், முன்மதிப்பீட்டுக்குப் பின், பெரியவராக விசாரிக்கவும் அது இடமளிக்கிறது.

1994-இல் புனேயில் ஐந்து பெண்களும் இரு குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு அப்போது வயது பன்னிரண்டரைதான் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து அவரை விடுவித்தது. சிறுவருக்குச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு மூன்றாண்டு. அவர் சிறையில் கழித்ததோ 28 ஆண்டுகளுக்கும் மேல்.

இறந்த எழுவருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி நியாயமானது. மாண்டவியர் கதை இதற்கு உதவாது. பூச்சியும் மனித உயிரும் ஒன்றல்ல. இங்கே புனித அகுஸ்தீனாரை நாடலாம். பதினாறு வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு வீசியதை, நாற்பதைக் கடந்த ஆயர் தம் பாவ அறிக்கை நூலில் மிக நுணுக்கமாக விசாரிக்கிறார். சிறுவனென்று தம்மைத் தப்பவிடவில்லை. ஆனால் அங்கே குற்றஞ்சாட்டுபவரும் அவரே, முடிவு மன்னிப்பு. அறக்கடவுள் செய்ததோ பிறர்மீது சுமத்திய தண்டனை.

பதினாறு நிறையாதவரைத் திருச்சபைச் சட்டமும் (எண் 1323) தண்டனைக்கு உட்படுத்துவதில்லை. அதனால் குற்றம் குற்றமன்று என ஆகிவிடாது. வளர்ந்தவர் தம் சிறுவயதுத் தீமைக்கு மனம் வருந்தலாம், துயருற்றோர்முன் தலைகுனியலாம். அவர் வருந்தவே வேண்டும். ஆனால் கழுமரத்தில் ஏறுவது வளர்ந்த உடல். புல் நுனியை ஏந்தியதோ சிறுவனின் கை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் தீர்ப்பு, அங்கே இல்லாத ஒருவனைத் தண்டிக்கிறது.