ஊழியக்காரியும் ஊழியக்காரரும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரைப் பிரிந்து வடபுலம் வந்து வாழும் நமக்குத் தாய்மொழி முழு உரிமையோடு உலவும் இடங்கள் சிலவே. வீடு ஒன்று; இத்தகைய சங்கம் ஒன்று; வழிபாட்டிடம் மற்றொன்று. அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியும் பேசி அலுத்த நாவு, ஞாயிறு காலையில் தமிழ்ப் பாட்டைப் பாடும்போதுதான் தன் ஊரை அடைகிறது. அத்தகைய ஒரு ஞாயிறன்று, ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், சபையின் மூத்தவர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார்: "நம் சபைக்குப் பெண் ஒருவர் போதகராக வந்தால் அவரை எப்படி அழைப்பது? ஐயர் என்றால் பொருந்தாது. ஐயரம்மா என்றால் அது ஐயருடைய மனைவியின் பெயர் ஆயிற்றே!"

அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். இருபது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியை நடத்தி, நம் பிள்ளைகளுக்கு வேதத்தோடு தமிழ் எழுத்தையும் கற்பித்து வரும் அம்மையார் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய அமைதியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெண்கள் திருச்சபையில் போதகராகலாமா என்னும் வினாவை இறையியலார் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளனர். நாம் இறையியல் கற்றவர் அல்லோம். எனினும் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு பணியிடத்துக்கு ஆணையில் என்ன பெயர் எழுதப்படுகிறதோ அதற்கேற்பவே அதன் அதிகாரமும் மதிப்பும் அமைகின்றன. ஒரே பணியை இருவர் செய்ய, ஒருவருக்குப் பதவிப்பெயர் இருந்து மற்றவருக்கு இல்லையாயின், யாருடைய உழைப்பு ஏட்டில் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் இவ்வினாவைச் சொல்லின் வழியாகவே நோக்குவோம்.

பவுலடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் பெபேயாள் என்னும் பெண்மணியைப் பற்றிய பரிந்துரையோடு தொடங்குகிறது. கெங்கிரேயா என்னும் துறைமுக ஊரின் சபையில் அவர் 'தியாக்கொனொஸ்' என்கிறது கிரேக்க மூலம். பணியாளர் என்பது அதன் நேர்ப்பொருள். அதே சொல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலும், திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்திலும் சபைப் பதவி ஒன்றின் பெயராக வருகிறது. 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பு, இவ்விரண்டு இடங்களிலும் 'உதவிக்காரர்' என்று பதவிப்பெயர் தந்தது. பெபேயாளுக்கோ 'ஊழியக்காரி' என்று எழுதியது.

மொழிபெயர்த்தோர் மீது பழி சுமத்துதல் நம் நோக்கம் அன்று. அதே மொழிபெயர்ப்பு, இதே கிரேக்கச் சொல்லைத் தீகிக்குவுக்கும் எப்பாப்பிராவுக்கும் வழங்குமிடத்து 'ஊழியக்காரன்' என்றே எழுதுகிறது. ஏட்டளவில் ஊழியக்காரனும் ஊழியக்காரியும் ஒரே படியில் நின்றவர்களே.

ஆயின் ஏட்டில் நின்ற சமன்மை நாட்டில் நிற்கவில்லை. 'ஊழியக்காரன்' காலப்போக்கில் மரியாதை விகுதி பெற்று 'ஊழியக்காரர்' ஆயினான். இன்று தமிழ்க் கிறித்தவரிடையே அச்சொல் கேட்ட அளவில், மேடையேறி இறைவார்த்தை வழங்கும் ஒருவரே மனக்கண்ணில் தோன்றுகிறார். 'ஊழியக்காரி'யோ வேலைக்காரி என்னும் சொல்லுக்கு அண்டை வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த அண்ணனும் தங்கையுமாகிய இருவருள், அண்ணன் பீடத்துக்கும் தங்கை அடுக்களைக்கும் சென்ற கதை இது. இதனைச் செய்தது வேதமும் அன்று, மொழிபெயர்ப்பும் அன்று, நம் வழக்கமே.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இக்குறையை நீக்கிற்று. பெண்மணியைப் 'பெய்பா' என்று குறிக்கும் அந்நூல், அவரைத் 'திருத்தொண்டர்' என்கிறது. பிலிப்பி நகரத்தாருக்கு வழங்கிய அதே பெயர். 'அவள்' என்னாது 'அவர்' என்றும் சொல்கிறது. இவ்வொரு சொல்லால் பெய்பா சபைப் பணியாளர் வரிசையில் தமக்குரிய இடத்தில் அமர்கிறார். இம்மொழிபெயர்ப்பைத் தன் வழிபாட்டில் பெரிதும் கையாளும் கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் வழங்குவதில்லை என்பது எண்ணத்தக்க முரண்.

எதிர்வாதங்களையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆயின் அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரம், பெண்கள் செபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் உரைக்கும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று விதி வகுக்கிறது. வாய் திறவாதவருக்குப் பேசும் முறையை வகுப்பார் உண்டோ?

திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் இதனினும் கடியது. பெண் உபதேசிக்க இடங்கொடுப்பதில்லை என்று அது தெளிவாகவே சொல்கிறது. இதனை எளிதில் தாண்டிச் செல்ல இயலாது. எனினும் அதே அதிகாரத்தில், சில வரிகளுக்கு முன்னர், பெண்கள் மயிரைப் பின்னுதலும் பொன்னும் முத்தும் அணிதலும் விலக்கப்பட்டுள்ளன. பெந்தெகொஸ்தே சபையார் பலர் நகை அணிவதில்லை; அந்த அளவில் அவர்கள் முரணற்றவர்கள். மற்ற நம் சபைகளின் திருமண வீடுகளில் முத்தும் பொன்னும் எவ்வளவு விலக்கப்படுகின்றன என்பதை யாவரும் அறிவோம். ஒரு வரியை அக்காலத்து அறிவுரை என்று தளர்த்தி, அடுத்த வரியை எக்காலத்துக்கும் உரிய சட்டம் என்று இறுக்குதல் நடுநிலை ஆகாது.

இயேசு பெருமான் தெரிந்தெடுத்த பன்னிருவரும் ஆடவரே என்பது மற்றொரு வாதம். இரண்டாம் அருள் சின்னப்பர் 1994-இல் விடுத்த மடலில், பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று அறிவித்தபோது இதுவும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. குரு பலிபீடத்தில் கிறித்துவின் இடத்தில் நிற்பவர் என்பது அவர்தம் கொள்கை. அதனை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பன்னிருவருள் தமிழர் ஒருவரும் இலர், அனைவரும் யூதரே. அது தடையாயிருப்பின், 1733-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் தமிழர் லுத்தரன் குருவாக அருட்பொழிவு பெற்றிருக்க இயலாது. பன்னிருவர் எந்த இனத்தவர் என்பதைப் பாராத திருச்சபை, அவர்கள் ஆடவர் என்பதை மட்டும் பற்றிக்கொள்வது ஏன்?

மூன்றாவது வாதமே நம்மிடையே வலியது. "கொள்கையளவில் தடையில்லை; ஆயினும் நம் மக்கள் ஏற்கமாட்டார்கள்" என்பது அது. இக்குரலும் நமக்குப் புதிதன்று. 1741-இல் தரங்கம்பாடியார் இரண்டாம் தமிழ்க் குருவைத் தேர்ந்தபோது, தஞ்சைப் பகுதியில் அரும்பாடுபட்ட உபதேசியார் இராஜநாயக்கன் ஒதுக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அவர் கையால் நற்கருணை பெற மற்றச் சாதியார் இசையார் என்னும் அச்சமே காரணம். அன்று சாதிக்குச் சொன்ன சாக்கை இன்று பெண்மைக்குச் சொல்கிறோம். அன்றைய முடிவை நினைத்து இன்று தலைகுனியும் நாம், நாளை நம் பிள்ளைகள் தலைகுனிய ஒரு முடிவை விட்டுச் செல்லலாமா?

நெல்லைத் திருச்சபையின் தோற்றத்தையும் நினைவுகூர்தல் தகும். பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயரிடம் 1778-இல் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் பார்ப்பனக் கைம்பெண், அவ்வூரில் சபை தழைக்க உழைத்து, 1785-இல் அங்கே ஆலயம் எழுப்பினார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அதனை வழங்குகின்றனர். கோயிலுக்குப் பெண்ணின் பெயரை இட்டு வழங்கிய மண்ணில், அக்கோயிலின் பிரசங்க பீடம் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிற்று. வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்த 'பைபிள் உமன்' எனப்பட்டோரும், செய்த வேலையால் போதகர்களே, பெயரால் அல்லர்.

காலம் மாறாமலும் இல்லை. சீனத்தில் போர் நடந்த நாளில், குருமார் செல்ல இயலாத மக்காவ் நகர மக்களுக்காகப் புளோரன்சு லி திம்-ஓய் என்னும் பெண்மணி 1944-இல் ஆங்கிலிக்கன் குருவாக்கப்பட்டார். 1947-இல் சென்னையில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் தன் முதல் பெண் குருவை ஏற்றது. இங்கிலாந்துத் திருச்சபைக்கோ அதற்கு 1994 வரை ஆயிற்று. ஆந்திரத்து நந்தியாலில் புஷ்பா லலிதா 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். ஆக, வாயில் திறந்தே உள்ளது. உள்ளே வருவோரை வரவேற்கும் சொல்தான் நம் நாவில் எழவில்லை.

இனி அப்பெரியவரின் வினாவுக்கு வருவோம். தமிழில் சொல் இல்லையா? உண்டு, நெடுங்காலமாக உண்டு. 'அர்', 'ஆர்' என்னும் மரியாதை விகுதிகள் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. ஔவையார் என்றோம், காரைக்கால் அம்மையார் என்றோம். அறுபத்துமூன்று நாயன்மாருள் மூவர் பெண்கள். பன்னிரு ஆழ்வாருள் ஆண்டாள் ஒருவர். அவர்களுக்கெனத் தனிப் பெயர் தேடித் தமிழ் தடுமாறவில்லை. ஆசிரியர், மருத்துவர் என்னும் சொற்களும் இருபாலாரையும் குறிக்கின்றன. போதகர், ஆயர், பேராயர் என்பனவும் அவ்வாறே. ஐயர் என்னும் ஒரு சொல்லே இங்கு இடறுகிறது. அது வழக்கின் சொல். வேதத்தின் சொல் அன்று. தமிழ் வேதாகமம் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் சொல்வது மேய்ப்பர் என்றும் போதகர் என்றுமே. மொழி இடம் விட்டு வைத்திருக்க, மனம்தான் கதவை அடைத்திருக்கிறது.

கிறித்தவரல்லாத அன்பர்களும் இதனை அயல்வீட்டுச் செய்தியென ஒதுக்கிவிட வேண்டா. பெண் அடியார்களைத் தொழுத நாம், பெண்ணைக் கருவறைக்கு வெளியே நிறுத்தியே தொழுதோம். தமிழ்நாட்டில் 2023-இல் பெண்கள் மூவர் அர்ச்சகர் பயிற்சியை முடித்தபோது எழுந்த வினாக்களும், மேலே கண்டவற்றின் உடன்பிறந்தவையே. எந்தக் கோயிலாயினும் கேள்வி ஒன்றுதான்: உழைப்பை ஏற்கும் நாம் உழைத்தவரின் பெயரை ஏற்க ஏன் தயங்குகிறோம்?

நம் பிள்ளைகள் பலர் தமிழ் எழுத்தை அறிந்தது ஞாயிறு பள்ளியில். அதைக் கற்பித்தவர் பெண். அவர்களுள் ஒரு பெண் குழந்தை நாளை இறையியல் கற்றுப் பட்டம் பெற்று நம் சபைக்கே வரக்கூடும். அன்று யாரேனும் "இவரை எப்படி அழைப்பது?" என்று கேட்பின், சிரிக்காதிருந்த அவ்வம்மையாரைப் பார்த்து நாம் விடை சொல்லுதல் வேண்டும். போதகர் என்றே அழைப்போம். வேறு சொல் தேவையில்லை என்பதே நம் துணிபு.