நகைச்சுவையாளரும் அவர்தம் வரலாற்றாசிரியரும்: சுந்தாவின் ‘பொன்னியின் புதல்வர்’

தமிழில் எழுத்தாளர் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் நன்றிக்கடனாகவே எழுதப்பட்டுள்ளது. உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு எழுதிய சரித்திரம் இதற்குத் தலையாய சான்று. ‘சுந்தா’ என்னும் எம்.ஆர்.எம்.சுந்தரம் கல்கி ரா.கிருஷ்ணமூர்த்திக்கு (1899–1954) எழுதிய ‘பொன்னியின் புதல்வர்’ அம்மரபின் பிற்காலக் கிளை. வானொலியிலும் லண்டன் பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பிலும் பணியாற்றிய சுந்தா எழுதிய இப்பெருநூல் 1976இல் வெளிவந்தது. கல்கியின் வாழ்க்கையை ஆராய்வோர் இன்றும் முதலில் நாடுவது இதனையே.

நூலின் தலைப்பே ஆய்வுக்குரியது. ‘பொன்னியின் செல்வ’னை எதிரொலித்து, காவிரிக் கரைப் புத்தமங்கலத்தில் பிறந்தவரை அந்நதியின் மகனாக்குகிறது அது. சொல்நயம் மிக்க தலைப்புத்தான். ஆயினும் அது முன்னிறுத்துவது வரலாற்று நாவலாசிரியரை. ‘நவசக்தி’யில் பயின்று, ‘ஏட்டிக்குப் போட்டி’ வாயிலாக ‘ஆனந்த விகடன்’ வாசகரைச் சிரிக்கவைத்தவர் அத்தலைப்பில் இல்லை. படூர், கேளம்பாக்கம் வழியே மாமல்லபுரம் செல்லும் இன்றைய மாணவர் அறிந்த கல்கியும் ‘சிவகாமியின் சபதம்’ எழுதியவரே. நகைச்சுவையாளர் மறைந்து நாவலாசிரியர் மட்டும் எஞ்சியமைக்குக் காலம் மட்டுமே காரணமன்று. அவரை நினைவுகூர்ந்த முறையும் ஒரு காரணம்.

நகைச்சுவைக்குச் சூழலே உயிர். ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி எழுதிய இசை விமரிசனத்தில் எவர் எள்ளப்பட்டார், எக்கச்சேரியில் என்பது தெரியாவிடில் இன்றைய வாசகர் சிரிக்க இயலாது. இங்கேதான் வரலாற்றாசிரியர் இன்றியமையாதவராகிறார். அதேவேளையில், பற்று மிகுந்தவர் அச்சிரிப்பின் கூர்மையை மழுக்கவும் கூடும். 1935–36இல் பாரதி மகாகவியா என்ற விவாதத்தில் கல்கி வ.ரா.வை எதிர்த்தார், அதற்கு மறுமொழியாகவே கு.ப.ரா.வும் சிட்டியும் ‘கண்ணன் என் கவி’யை எழுதினர். அதே கல்கிதான் பின்னாளில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழ முன்னின்றார். முன்னதைப் பின்னதால் சமன்செய்துவிடும் ஆவல் அன்பர் எவர்க்கும் எழும். அவ்வாறு சமன்செய்வதில் இழப்பும் உண்டு. கல்கியின் எள்ளல் ஒரு கருத்துநிலையின் படைக்கலமாக இருந்தது என்பது அப்போது மறைந்துவிடும்.

அமெரிக்கச் சான்று இன்னும் கடுமையானது. ஆல்பர்ட் பிக்லோ பெய்ன் 1906 முதல் மார்க் ட்வெய்னின் அருகிருந்து குறிப்பெடுத்து, 1912இல் விரிவான வரலாற்றை வெளியிட்டார். 1937இல் தாம் இறக்கும்வரை ட்வெய்னின் கையெழுத்துப்படிகளையும் தம் பொறுப்பிலேயே வைத்திருந்தார். 1916இல் வந்த ‘மர்ம அந்நியன்’ என்னும் கதை அவரும் பதிப்பாசிரியர் ஒருவரும் படிகளை வெட்டியும் ஒட்டியும் ஆக்கியது என்பது 1963இல்தான் வெளிப்பட்டது. சுந்தாவை இவருடன் ஒரே தட்டில் வைப்பது அநீதி. எனினும், கல்கி தொடங்கிய இதழிலேயே தொடராக வந்த வரலாறு இது என்பதை மேற்கோள் காட்டுவோர் மறத்தலாகாது. எழுதியவர் அன்பர், வெளியிட்டது கல்கியின் இதழ், படித்தவரோ பெரும்பாலும் கல்கி வாசகர். இந்நூலைக் கல்கியியலின் முடிந்த முடிபாகவன்றி, அதன் முதல் ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்வதே முறை.

பிறர் வாழ்வை இத்தனை விரிவாக எழுதிய சுந்தாவுக்கு இலக்கிய வரலாறுகள் தருவது பெரும்பாலும் நூற்பட்டியலில் ஒரு வரி. ஒலிபரப்பாளர் ஒருவரின் செவி அவர்தம் உரைநடையை எவ்வாறு உருவாக்கியது என்பது தனி ஆய்வுக்குரிய பொருள். கௌரி ராம்நாராயண் செய்த ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழ் மூலத்தோடு ஒப்பிட்டு, நகைச்சுவைப் பகுதிகளில் எவை விடுபட்டன என்று காண்பதிலிருந்து அவ்வாய்வைத் தொடங்கலாம்.