குஸ்தோ ஒளிக்காமல் விட்ட காட்சிகள்

போன ஞாயிற்றுக்கிழமை 'தி சைலண்ட் வேர்ல்ட்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1956-ல் வந்த ஆவணப்படம். இயக்கியவர்கள் ஜாக் குஸ்தோவும், அப்போது இருபதுகளில் இருந்த லூயி மாலும். கான் விழாவில் தங்கப் பனை, அப்புறம் ஆஸ்கர். ஸ்கூபா கத்துக்கிட்டவங்க எல்லாரும் பார்க்கணும்னு சொல்வாங்க. நானும் அதைத்தான் சொல்றேன், காரணம் மட்டும் வேற.

முதல் காட்சியே ஆளை அசத்திடும். தண்ணீரிலும் அணையாத தீவட்டிகளைப் பிடித்தபடி டைவர்கள் நீல இருட்டுக்குள் இறங்குகிறார்கள். பின்னால் குமிழிகள் கூட்டமாக மேலே எழுகின்றன. குஸ்தோவும் எமில் காஞ்யானும் அக்வாலங்கை உருவாக்கியது 1943-ல். படம் வரும்போது அந்தக் கருவிக்கு வயது பதிமூன்றுதான். அந்தப் புதுமையின் குதூகலம் படம் முழுக்க இருக்கு.

ஆனால் போகப்போக வயிற்றைப் பிசையும். மீன் வகைகளைக் கணக்கெடுக்க வேறு வழியில்லை என்று சொல்லி பவளப்பாறையில் டைனமைட் வெடிக்கிறார்கள். கடலாமையைப் பிடித்துக்கொண்டு சவாரி போகிறார்கள். கப்பலின் புரொப்பல்லரில் ஒரு திமிங்கிலக் குட்டி அடிபடுகிறது. அதைத் தின்ன வந்த சுறாக்களை மேல்தளத்துக்கு இழுத்துப்போட்டு அடித்தே கொல்கிறார்கள்.

'அந்தக் காலம் அப்படி' என்று கடந்துபோகலாம். 1960-லேயே குஸ்தோ மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டுவதை எதிர்த்தார், பிறகு கடல் பாதுகாப்பின் முகமாகவே ஆனார் என்பதும் உண்மை. ஆனால் என் வாசிப்பு வேறு. படத்தில் ஒரு களவா மீன் வரும், பெயர் ஜோஜோ. டைவர்களோடு பழகி, பின்னாலேயே சுற்றும். மற்ற மீன்களுக்கு இரை போடும்போது குறுக்கே வருகிறது என்று அதையே கூண்டில் அடைக்கிறார்கள். வெறுத்து அடைக்கவில்லை, கொஞ்சிக்கொண்டே அடைக்கிறார்கள். பிரியமும் கூண்டும் ஒரே காட்சியில். படத்தின் சாரமே இதுதான்னு நினைக்கிறேன்.

இன்றைய கடல் படங்கள் பல மடங்கு அழகு. 2017-ல் வந்த 'புளூ பிளானட் 2' பிளாஸ்டிக் பற்றியும் நேர்மையாகப் பேசியது. ஆனாலும் இந்த வகைப் படங்களில் கெடுதல் செய்கிறவன் எங்கோ தூரத்தில் இருக்கிறான். பார்க்கிற நாமும் படம் பிடிக்கிறவர்களும் சுத்தம். குஸ்தோவின் படம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. கடலை ரசிக்கிறவனும் கெடுக்கிறவனும் அங்கே ஒரே ஆள்தான்.

இது எனக்கு ஏன் உறைக்குதுன்னா, அந்தமானில் என் முதல் டைவ் வீடியோ இன்னும் என்கிட்ட இருக்கு. ஒரு கடலாமையைத் துரத்திக்கொண்டு போனதில் என் ஃபின் பட்டு ஒரு பவளக்கிளை முறிந்தது. ஆமை மட்டும் தெரியும்படி நாற்பது விநாடிக்கு வெட்டி நண்பர்களுக்கு அனுப்பினேன். 'சூப்பர்டா' என்று பதில் வந்தது. கிளை முறிந்த பகுதியை யாருக்கும் காட்டவில்லை.

குஸ்தோ வெட்டவில்லை. அவருக்கு அது தப்பாகவே தெரியாததால்தான் வெட்டவில்லை என்பது வேறு விஷயம். தப்புன்னு தெரிஞ்சே நான் வெட்டினேன். இரண்டில் எது மோசம்?

அடுத்த டைவ் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் அதற்கு முன் இந்தப் படத்தை முழுசாகப் பாருங்கள். சுறா காட்சியை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.